நீலவாலும் ஒரு படச்சுருளும்

மண்முனைத் துறையில் பாலம் இல்லாத காலத்தில் மட்டக்களப்பு வாவியைக் கடப்பவர்கள் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைக்குக் காத்திருக்க வேண்டும். சைக்கிளும் நெல்மூட்டையும் கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போகும் சனமுமாக நிறைந்து, அது மெல்ல அசைந்து எழுவான்கரையை விட்டுப் படுவான்கரையைத் தொடுவதற்குள், நீர்க்காகங்கள் முங்கி எழுவதையும், வலைக்கம்பில் ஏறிச் சிறகை விரித்துக் காயவைப்பதையும், மீசை ஆலாக்கள் பறந்தபடியே நீரைக் கொத்தி மீன்குஞ்சோடு மேலேறுவதையும் ஆற அமரப் பார்த்துவிடலாம். 2014இல் பாலம் திறந்தார்கள். நோயாளியை வைத்துக்கொண்டு கரையில் தவித்த இரவுகளை அறிந்தவர்கள் அந்தப் பாலத்தைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்; நானும்தான். ஆனால் மோட்டார் சைக்கிளில் ஒரு மூச்சில் அக்கரை சேர்ந்துவிடும் இன்றைய பிள்ளைக்கு, கீழே அதே ஆலாக்கள் அதே நீரைக் கொத்திக்கொண்டிருப்பது தெரியாமலே போகிறதே என்ற ஏக்கமும் எனக்கு உண்டு.

எங்கள் ஊரான ஆரையம்பதியில் பறவையை யாரும் தனியாகப் போய்ப் பார்த்ததில்லை. வேலிக்குள் செண்பகம் நடக்கும். மாரி தொடங்குகிற நாட்களில் வடக்கேயிருந்து வந்து சேரும் ஆறுமணிக்குருவி மசண்டையில் வளவுக்குள் நின்று குரல் கொடுக்கும். வாவியில் தோணி விடும் மாமா, கூழைக்கடாக்கள் கூடும் இடத்தைக் கண்ணால் அளந்துதான் வீச்சுவலையைத் தோளில் போடுவார். என் கையில் பழைய ஸெனிட் கமெரா ஒன்று வந்து சேர்ந்தபோது என்னைத் தோணியின் முன்பக்கம் இருத்திக்கொண்டு போனவரும் அவர்தான். கொக்கு தலையைத் திருப்பட்டும் என்று நான் அவசரப்பட்டால், “ஒள்ளுப்பம் பொறு மகன், அது திரும்பும்” என்பார். கம்பை ஊன்றித் தோணியை நிறுத்தினால், கண்ணா மரங்களின் நிழலில் தண்ணீர்கூட அசையாது.

ஒரு சுருளில் 36 படங்கள். அதில் கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒதுக்கியது போக மிச்சந்தான் பறவைக்கு. ஆகவே ஒரு மீன்கொத்திக்காக அரை நாள் இருந்துவிட்டுப் படமே எடுக்காமல் திரும்பியதும் உண்டு. அந்த அரை நாளில் அது எந்தக் கிளையிலிருந்து பாய்கிறது, பிடித்த மீனை எப்படிக் கிளையில் அடித்து, தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்குகிறது என்பதெல்லாம் மனதில் பதிந்துவிடும். சுருளை மட்டக்களப்பு நகரத்து ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டு, அது கழுவி வரும்வரை எதைப் பிடித்தோம், எதை விட்டோம் என்று எண்ணிக்கொண்டு படுக்கும் இரவுகளின் இனிமையை, அந்தக் காலத்தில் கமெரா வைத்திருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 50 மில்லிமீற்றர் வில்லையில் நாரை ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும். ஆனால் அந்தப் புள்ளியைச் சுற்றி வாவி முழுவதும் இருந்தது: வானம், வலைக்கம்பு, அக்கரைத் தென்னைகள். இப்போதைய நீள வில்லைகள் இறகின் நரம்பைக்கூடக் காட்டுகின்றன. அது நின்ற இடத்தைக் காட்டுவதில்லை.

பிறகு யுத்த காலம். கமெராவும் தொலைநோக்கியும் சந்தேகத்துக்குரிய சாமான்களாக மாற, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அந்த ஆண்டுகளில் எனக்குக் கைகொடுத்தது ஜி. எம். ஹென்றி 1955இல் எழுதிய இலங்கைப் பறவைகள் நூல். கொழும்பு அருங்காட்சியகத்தில் பூச்சியியல் பார்த்த மனிதர், தாமே ஓவியமும் தீட்டி, சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். பறவையை வெளியே போய்ப் பார்க்க முடியாத நாட்களில் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் புரட்டியே பல பறவைகளை அறிந்துகொண்டேன்.

இப்போது அந்தப் பூட்டு இல்லை. வாவிக்கரையில் யார் வேண்டுமானாலும் கமெராவோடு நிற்கலாம். இதைவிடப் பெரிய முன்னேற்றம் எனக்குத் தெரியவில்லை. படத்தைக் காட்டினால் மெர்லின் செயலி பெயரைச் சொல்லிவிடுகிறது. கண்டதை ஈபேர்டில் பதிந்தால் உலகத்தின் கணக்கில் ஆரையம்பதியும் ஏறுகிறது. மன்னாரில் கருவி பொருத்தி விட்ட கடற்காக்கைகள் ஆர்க்டிக் வரை போய் வருவதைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தார் பின்தொடர்ந்து அறிந்திருக்கிறார்கள். மாமா கேட்டிருந்தால் வலையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டிருப்பார்.

எனக்கு இன்று மிகப் பிடித்த பறவை நீலவால் பஞ்சுருட்டான். பச்சை உடல், செம்பழுப்புத் தொண்டை, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு, வாலின் நடுவிலிருந்து நீளும் இரண்டு மெல்லிய இறகுகள். இலங்கையின் மற்றப் பகுதிகளுக்குப் பெரும்பாலும் குளிர்கால விருந்தாளியாக வந்து போகும் இப்பறவை, எங்கள் கிழக்கில்தான் குடும்பம் நடத்துகிறது. ஆரையம்பதிக்குத் தெற்கே கிரான்குளப் பக்கத்தில் மணல் தரையிலேயே சுரங்கம் தோண்டி உள்ளே முட்டையிடுகிறது. சின்ன வயதில் அந்தப் பொந்துகளை நண்டு வளை என்று தாண்டிப் போயிருப்போம். மாட்டின் காலும் நாயின் நகமும் மண் அள்ளும் உழவு இயந்திரமும் ஒரு பொழுதில் அழித்துவிடக்கூடிய வீடுகள் அவை. அங்கே கமெராவோடு வரும் இளைஞர்களைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி. நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் அவர்கள் கமெராக்களைத் தொட்டுப் பார்க்கவும் ஆசை. ஆனால் அவர்களிடம் ஒன்றைத் தவறாமல் சொல்கிறேன்: தாய்ப்பறவை தும்பியைக் கவ்வியபடி கம்பியிலேயே இருந்து, பொந்துக்குள் இறங்காமல் இங்கும் அங்கும் பார்த்தால், நாம் கிட்டப் போய்விட்டோம் என்று பொருள். பின்னுக்குப் போங்கள் தம்பி, இன்னும் கொஞ்சம். அது குஞ்சுக்குத் தீனி கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகு எடுக்கலாம்.