பாவாடை அன்ரி

மொன்றியலில் ஏப்ரல் பிறந்து, நடைபாதை ஓரத்துப் பனிக்குவியல் கரைந்து, குளிர்காலத்தில் தொலைந்த ஒற்றைக் கையுறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்போது, பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ் வீடுகளில் இளம் பெண்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பாவாடை அன்ரி அளவு நாடாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

அவருக்குத் தனிப்பெயர் தேவையில்லை. ஜோன் தலோன் வீதித் தமிழ்க் கடைகளைச் சுற்றியிருக்கும் மாடிக் கட்டடங்களில், கட்டடத்துக்கு ஒருவராவது இருப்பார். வயது அறுபதை ஒட்டி. கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. தோளில், பாஸ்மதி அரிசி வந்த சிப் வைத்த துணிப்பை. அதற்குள் பருத்தி நூல் உருண்டைகள், நாலு மில்லிமீற்றர் குறோசே ஊசி, மூக்கு உடைந்த கத்தரிக்கோல். ஏதோ ஒரு நகைக்கடை கொடுத்த நாட்காட்டியின் கிழித்த தாள்களும் இருக்கும். அவற்றின் பின்பக்கத்தில் ஊரிலுள்ள அத்தனை பெண்களின் இடுப்பளவும் எழுதப்பட்டிருக்கும்.

அளவெடுக்க அவருக்கு இடம் பொருள் கிடையாது. பிறந்தநாள், சாமத்திய வீடு, அந்தியேட்டி எல்லாமே ஒன்றுதான்.

"பிள்ளை, ஒருக்கா எழும்பும் பாப்பம்."

"ஐயோ அன்ரி, எனக்கு வேண்டாம். நான் ஜீன்ஸ்தானே போடுறனான்."

"இது கோடைக்கு. காத்துப் போகும். கையைத் தூக்கும்."

நாடா இடுப்பைச் சுற்றும். பிறகு, வடைத் தட்டோடு வந்த வீட்டுக்காரி உட்பட எல்லாருக்கும் கேட்கும் குரலில் அறிவிப்பு வரும்: "முப்பத்திரண்டு. போன வருசம் முப்பதெல்லே?"

கடையில் வாங்கலாமே என்று யாராவது வாய் தவறிக் கேட்டால், அன்ரியின் தத்துவத்தை நின்று கேட்க வேண்டிவரும். "கடைக்காரன் ஸ்மோல், மீடியம், லார்ஜ் எண்டு மூண்டு பேரைத்தான் கண்டிருக்கிறான். அந்த மூண்டு பேரும் ஆரெண்டு எனக்குத் தெரியாது. எங்கட பிள்ளையளில ஒருத்தருமில்லை."

கணக்கில் மட்டும் அன்ரியை அசைக்க முடியாது. முதலில் நாலு அங்குலச் சதுரம் ஒன்றைப் பின்னிப் பார்ப்பார். அதில் பதினாறு கண்ணி விழுந்தால் அங்குலத்துக்கு நாலு. இடுப்பு 32 என்றால் 128 கண்ணி. அதற்குக் கீழே அகலமான இடம் 40 என்றால் 160. கூட வேண்டிய 32 கண்ணியை நாலு சுற்றில், சுற்றுக்கு எட்டாகப் பிரிப்பார். அந்த எட்டும் சுற்றுக்குச் சுற்று இடம் மாற வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக வந்தால் பாவாடை வட்டமாக விழாமல் எண்கோணமாக மூலை தள்ளும். 32 அங்குலப் பட்டி 40 அங்குலத்தைத் தாண்டி மேலே ஏற வேண்டுமே, அதற்காகப் பக்கத்தில் ஒரு சாண் பிளவு விட்டு நாடா கோப்பார். சேலைக்குக் கட்டும் உள்பாவாடையில் இருக்கிற அதே பிளவுதான். அளவெடுத்துப் பிழையில்லாமல் தைப்பது தையற்காரன் வேலை. அன்ரியோ பத்தாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய புள்ளிகளுக்கு இன்றைக்கும் பழி தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் பாவாடை ஏன் கோணுகிறது? மாதிரிச் சதுரத்தை அன்ரி காலையில், தேநீரோடு, சாமி கும்பிட்ட மனத்தோடு பின்னுகிறார். பாவாடையைப் பின்னுவது இரவு, தொலைக்காட்சித் தொடருக்கு முன்னால். வில்லி மருமகளின் பாலில் எதையோ கலக்கும்போது அன்ரியின் விரல் நூலை இறுக்கிப் பிடிக்கும். அங்குலத்துக்கு நாலு கண்ணி ஐந்தாகிவிடும். நல்லவர்கள் பேசும் காட்சியில் நூல் தளரும். விஷயம் தெரிந்தவர்கள், முழங்காலுக்குமேல் இறுகி நிற்கும் பட்டையைப் பார்த்தே அது எந்த வாரத்துக் கதை என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு சிக்கல் வெள்ளைக்காரன் வைத்தது. அன்ரி குறோசே பழகியது யாழ்ப்பாணத்துக் கன்னியாஸ்திரிகளிடம், பிரிட்டிஷ் முறையில். இப்போது பார்ப்பது அமெரிக்கப் பெண்ணின் யூடியூப். அமெரிக்கா டபிள் என்று சொல்லும் கண்ணி பிரிட்டனில் ட்ரெபிள். பிரிட்டனின் டபிள் அமெரிக்காவில் வெறும் சிங்கிள். அமெரிக்கக்காரி டபிள் போடச் சொல்ல, அன்ரி கன்னியாஸ்திரி சொன்ன டபிளைப் போட்ட வருடத்தில், கண்ணியெல்லாம் குட்டையாகி, கணுக்கால்வரை வர வேண்டிய பாவாடை முழங்காலோடு நின்றது. துப்பாக்கிச் சூடு தாங்கும் அளவுக்குத் தடிப்பு. "பிழை என்ர இல்லை. சுதந்திரம் வாங்கினாப்போல கண்ணிக்கும் பேரை மாத்துறதோ?"

இன்னொன்று, கண்ணியை அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் விளிம்பு அலையலையாகச் சுருளும். 1997இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லாத்வியக் கணிதவியலாளர் இதே சுருளலை வேண்டுமென்றே பின்னி, கடதாசி மாதிரியில் எளிதில் கிழிந்துபோன ஐப்பர்பொலிக் வடிவியலை மாணவர்கள் கையில் பிடித்துப் பார்க்கும்படி செய்தார். கொன்கோர்டியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் இதைச் சொல்லி, "அம்மா, நீங்கள் யூக்ளிட்டுக்கு எதிரா நிக்கிறீங்கள்" என்றபோது, அன்ரி தலை நிமிரவில்லை. "ஃபிரில் வைச்சனான். நீ போய்ப் படி."

வெளிப்படிக்கட்டுக்கு அந்தப் பக்கத்துப் பல்கனியில் ஒரு கியூபெக் மூதாட்டி இருப்பார். இந்த மாகாணத்தில் செர்க்ல் டு ஃபெர்மியேர் என்ற பெண்கள் சங்கம் 1915இலிருந்து நெசவும் பின்னலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது. ஃபென்டெக்ஸ் என்ற செயற்கை நூலில் பாட்டி பின்னிய செருப்பு இல்லாத பிரெஞ்சு வீட்டை இங்கே தேடிப் பிடிப்பது கஷ்டம். குடிவந்தோருக்கான பிரெஞ்சு வகுப்பில் வினைச்சொல்லோடு மல்லுக்கட்டித் தோற்ற நம் அன்ரி, இந்த மதாமோடு மட்டும் மணிக்கணக்கில் பேசுவார். மாய் என்றால் கண்ணி, ஆன்கோர் என்றால் இன்னொன்று, டேஃபேர் என்றால் அவிழ். மூன்று சொல்லும் இரண்டு கைகளும் போதும். மருமகள்களைப் பற்றியும் இதே மூன்று சொல்லில்தான் பேசிக்கொள்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சிரித்துக்கொண்டே போகும்போது ஒன்றைத் தாண்டிவிடக் கூடாது. இந்த அன்ரிமாரில் பலர் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் அகதியாக வந்து இறங்கிய கையோடு ஷபானெல் வீதி ஆடைத் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தவர்கள். கனடாவின் ஆடைத் தலைநகரம் அப்போது மொன்றியல்தான். இத்தாலியரும் கிரேக்கரும் இருந்து எழும்பிய மெசின்களில் எங்கள் பெண்கள் இருந்தார்கள். துண்டுக்கு இவ்வளவு சதம் என்று கூலி. ஒருத்தி சிப் மட்டும், இன்னொருத்தி இடுப்புப் பட்டி மட்டும். ஆயிரக்கணக்கான பாவாடைகளுக்குப் பட்டி வைத்தவர் ஒரு முழுப் பாவாடையையும் தைத்ததில்லை. அதைப் போடப்போகிறவளைக் கண்டதுமில்லை. 2005 ஜனவரி 1ஆம் திகதி துணி இறக்குமதிக்கான கோட்டா முறை உலகம் முழுக்க முடிவுக்கு வந்தபோது, ஏற்கெனவே மூடிக்கொண்டிருந்த தொழிற்சாலைகள் இன்னும் வேகமாக மூடின.

அதனால்தான் சென் கத்தரின் வீதிக் கடையில் குறோசே பாவாடை தொங்கினால் அன்ரி நின்றுவிடுவார். உட்புறத்தைத் திருப்பி, முடிச்சைத் தேடி, விலைச்சீட்டைப் பார்ப்பார். நிற்றிங்குக்கு மெசின் உண்டு. குறோசேயைக் கையைப்போலப் பின்னித் தள்ளும் தொழிற்சாலை மெசின் இன்றைக்கும் இல்லை. கடையில் தொங்குவது உண்மையான குறோசே என்றால் அது யாரோ ஒருத்தியின் விரல். ஆந்திரத்தில் மேற்குக் கோதாவரிப் பக்கத்து நரசாப்பூரில், மிஷனரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவந்த குறோசே லேஸை வீட்டுத் திண்ணையிலிருந்து துண்டுக் கூலிக்குப் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். வேலை செய்பவளை "சும்மா வீட்டில் இருக்கிறவள்" என்று கணக்கெழுதி எப்படிக் கூலியைக் குறைக்கிறார்கள் என்பது அதில் இருக்கிறது. அன்ரி அதைப் படித்ததில்லை. விலைச்சீட்டைக் கீழே விட்டுவிட்டு, "இந்த விலைக்கு விக்கிறாங்கள் எண்டால் செய்தவளுக்கு என்னத்தைக் குடுத்திருப்பாங்கள்?" என்று விற்பனைப் பெண்ணிடம் தமிழிலேயே கேட்பார்.

ஒரு முறை கணக்காளர் மகன் கணினியைத் தட்டினான். கியூபெக்கில் 2025 மே மாதத்தில் ஆகக்குறைந்த கூலி மணிக்கு 16.10 டொலராக இருந்தது; ஒரு பாவாடைக்கு நாற்பது மணித்தியால வேலை என்றால் நூல் காசு இல்லாமலே 644 டொலர். "இந்த விலைக்கு ஆரம்மா வாங்குவினம்?"

"அதுதான் நான் விக்கிறேல்லை."

இனி, இத்தனைக்கும் பிறகு பாவாடை எப்போது கைக்கு வரும்? ஜூலை முதலாம் திகதி நகரமே கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியுமாக வீடு மாறும். அந்த அமளியில் நூற்பை ஒரு வாரம் காணாமல் போகும். பிறகு முருகன் கோயில் திருவிழா. அது முடிய ரொறன்ரோவில் ஒரு கலியாணம். செப்டெம்பரில் விளிம்பு எட்டும். பருத்தி தன் பாரத்தில் தானே இழுபடும் என்பதால் இரண்டு இரவு கொக்கியில் தொங்கவிட்டுத்தான் நீளத்தைத் தீர்மானிப்பார். கண்ணி ஓட்டைகளுக்கு மறைப்பாக உள்ளே சேலைக்குக் கட்டும் உள்பாவாடை ஒன்றையும் வைத்து முடிக்கும்போது ஒக்ரோபர். மவுண்ட் றோயலில் மேப்பிள் சிவந்துவிட்டது. கோடைப் பாவாடைக்குள் கம்பளிக் காலுறை போட வேண்டும்.

"மெட்ரோவுக்குப் போட்டுக்கொண்டு போம் பிள்ளை. கீழ எப்பவும் கோடைதானே."

சொல்வதில் பிழையில்லை. 1966இல் திறந்த மொன்றியல் மெட்ரோ முழுவதும் நிலத்துக்கடியில் ஓடுகிறது. வண்டிகளில் ஏசி கிடையாது. ஜனவரியில் மேலே மூக்கு உறைந்தாலும் கீழே சட்டைப் பொத்தானைக் கழற்ற வேண்டும். அன்ரியின் பாவாடைக்கென்றே யாரோ தோண்டி வைத்த நகரம்.

ஒரு வேண்டுகோளோடு விடுகிறேன். அடுத்த ஏப்ரலில் நாடா உங்கள் இடுப்புக்கு வரும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்காதீர்கள். அன்ரி அந்த நாடாவை நம்பித்தான் கண்ணியை எண்ணுகிறார். மொன்றியலில் பாதிப் பாவாடைகள் போடப்படாமல் அலுமாரியில் கிடப்பதற்குக் காரணம் குளிர் இல்லை. அளவெடுத்தபோது நாங்கள் இழுத்துப் பிடித்த அந்த இரண்டு அங்குலம்தான்.