தபால் கப்பல் பின்னால் போன கதை

1513-இல் போன்ஸ் தெ லியோன் என்ற ஸ்பானியர் ஃபுளோரிடா கரையோரம் பாய் விரித்தார். நல்ல காற்று. பாய் புடைத்தது, கப்பல் பின்னால் போனது. அவருடைய மாலுமி அலாமினோஸ் விவரமான ஆள். பின்னுக்குத் தள்ளிய வளைகுடா நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாமல், 1519-இல் அதிலேயே ஏறி ஸ்பெயின் போய்ச் சேர்ந்தார்.

இருநூற்றைம்பது ஆண்டு ஆகியும் இந்தச் சேதி பிரிட்டிஷ் தபால் இலாகாவுக்கு மட்டும் பட்டுவாடா ஆகவில்லை.

1768. லண்டனில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் ஒரு புகார் வந்தது. அமெரிக்கக் காலனிகளின் தபாலுக்கு அவர்தான் பொறுப்பு. ஃபால்மத்திலிருந்து நியூயார்க் போகும் அரசாங்கத் தபால் கப்பல், லண்டனிலிருந்து ரோட் ஐலண்ட் போகும் சரக்குக் கப்பலைவிட இரண்டு வாரம் தாமதம். இத்தனைக்கும் ஃபால்மத் இருப்பது இங்கிலாந்தின் மேற்குக் கோடியில்!

ஃபிராங்க்ளின் அதிகாரிகளை விட்டுவிட்டுச் சொந்தக்காரர் ஒருவரைக் கேட்டார்: நான்டக்கெட் தீவின் கப்பல் தலைவர் திமோத்தி ஃபோல்ஜர். திமிங்கிலம் வளைகுடா நீரோட்டத்தின் ஓரத்தில் திரியுமே தவிர உள்ளே இறங்காது. அதைத் துரத்துகிற நான்டக்கெட்காரர்களுக்கு அந்த ஓரம் அத்துப்படி. நடு நீரோட்டத்தில் எதிர்த்து முக்கும் தபால் கப்பல்களைப் பார்த்து, மணிக்கு மூன்று மைல் வேகத்தில் தண்ணீர் எதிரே வருகிறது, விலகிப் போங்கள் என்று அவர்கள் சொல்லியும் பார்த்தார்களாம். மீன்பிடிக்கிறவன் பேச்சைத் துரைமார் கேட்பார்களா? காற்று மந்தமான நாளில் முன்னே போனதைவிடப் பின்னே போனதுதான் அதிகம்.

கடல் யாருக்கும் சதி செய்யவில்லை. வெப்பமண்டலக் காற்று நீரை மேற்கே தள்ளுகிறது. அமெரிக்கக் கரை மறிக்க, நீர் வடக்கே திரும்புகிறது. அங்கே அடிக்கும் மேலைக்காற்று கிழக்கே ஓட்டுகிறது. ஐரோப்பா பக்கம் போய்த் தெற்கே இறங்கிப் பழைய இடத்துக்கே வருகிறது. செக்குமாட்டுச் சுற்றுதான். பூமி சுழல்வதால் மேற்குப் பக்க ஓட்டம் மட்டும் ஒடுங்கி, வேகம் பிடிக்கிறது. உலகக் கடல்களில் இப்படி 5 பெரிய சுழல்கள்: வடக்கே வலஞ்சுழி, தெற்கே இடஞ்சுழி.

ஃபோல்ஜர் வரைந்து கொடுத்த நீரோட்டப் படத்தை ஃபிராங்க்ளின் அச்சடித்து ஃபால்மத்துக்கு அனுப்பினார். தலைவர்கள் சீந்தவில்லை. மனுஷனும் விடவில்லை. பிறகு அட்லாண்டிக்கைக் கடந்தபோதெல்லாம் கடலில் வெப்பமானியை இறக்கி, நீரோட்டம் வெதுவெதுப்பானது என்று குறித்துக்கொண்டே போனார். 79 வயதிலும் அதே வேலை.

இதற்கிடையே அமெரிக்கா பிரிட்டனோடு போருக்கு நின்றது. 1776-இல் உதவி கேட்டு ஃபிராங்க்ளின் போனது பிரான்சுக்கு. ஃபால்மத்தில் சும்மா கொடுத்தும் வேண்டாதுபோன படத்தைப் பாரிஸில் எதிராளி அச்சடித்துக்கொண்டான்.