ஜி.பி.எஸ். நானா

கையடக்க ஜி.பி.எஸ். கருவி வாங்கப் போகிறவருக்கு எதை வாங்குவது என்று எடுத்துச் சொல்வதையே வாழ்க்கைப் பணியாக ஏற்றுக்கொண்டவர் ஜி.பி.எஸ். நானா. புத்தளம் முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். இவரைக் கத்தோலிக்க மீனவரும் சிங்களக் கடைக்காரரும்கூட அப்படியே அழைப்பதால் உறவுப்பெயர் உயர்ந்து பதவிப்பெயராகிவிட்டது. கொழும்பிலிருந்து புத்தளம் போகும் வீதியில் கற்பிட்டிக்குப் பிரியும் இடம் பாலாவிச் சந்தி. கற்பிட்டிக் குடாநாட்டுக்குப் போகிறவர் பலர் இங்கே இறங்கி பஸ் மாறுவார்கள். பஸ் மாறுகிறவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவர் பிளேன்ரீ குடிக்க வேண்டும். பிளேன்ரீ குடிக்கிற இடத்தில் நானா இருப்பார்.

அவர் சீமெந்துத் தொழிற்சாலையில் களஞ்சியம் பார்த்து ஓய்வு பெற்றவராகவோ, கட்டாரில் பன்னிரண்டு வருடம் கிரேன் ஓட்டித் திரும்பியவராகவோ, போன் திருத்தும் கடைக்காரராகவோ இருக்கலாம். யாராக இருந்தாலும் கடல் தொழில் செய்தவராக மட்டும் இருக்கமாட்டார். ஒருமுறை போட்டில் ஏறியிருப்பார். அதுவும் களப்புக்குள், இடுப்பளவு தண்ணீரில், கண்ணை மூடிக்கொண்டு. இதை ஒரு குறையாக எவரும் சொல்வதில்லை. கலியாணத் தரகர் பிரமச்சாரியாக இருப்பதும் ஊரில் உள்ளதுதானே.

நானாவின் பேச்சு எப்போதும் வானத்தில்தான் தொடங்கும். 20,200 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகள் சுற்றுகின்றன. அவற்றில் நான்கையாவது கருவி ஒரே நேரத்தில் பிடித்தாக வேண்டும். சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டே தூரம் கணிக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் செக்கனின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் 300 மீற்றர் தள்ளிப்போகும். இவ்வளவும் சரி. அதைச் சொல்லும் நானாவின் கைக்கடிகாரம் பத்து நிமிடம் பிந்தி ஓடும் என்பது வேறு விடயம். 1983இல் கொரிய விமானம் ஒன்று பாதை தவறிச் சோவியத் வான்பரப்புக்குள் போய்ச் சுடப்பட்ட பிறகே ஜி.பி.எஸ். பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அமெரிக்கா அறிவித்தது. அப்போதும் சமிக்ஞையை வேண்டுமென்றே கலக்கி, நூறு மீற்றர் வரை பிழை விட்டுத்தான் கொடுத்தார்கள். அந்தக் கலக்கலை நிறுத்தியது 2000 மே 1 நள்ளிரவில். நானா தன் கலியாண நாளை மறந்து வீட்டில் ஏச்சு வாங்குவார். இந்த நாளை மறக்கமாட்டார்.

காந்த நடுக்கோடு பற்றியும் அவருக்கு ஒரு பேச்சு உண்டு. அந்தக் கோடு தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒட்டிப் போவதால்தான் 1963இல் தும்பாவிலிருந்து ரொக்கெட் விட்டார்கள். அதே காரணத்தால் பொழுதுபட்ட பின் சில மாதங்களில் மேல்வானத்து மின்மண்டலம் கொந்தளித்து, இந்தப் பகுதியில் ஜி.பி.எஸ். சமிக்ஞையைச் சற்றுத் தடுமாற வைப்பதும் உண்டு. இதைச் சொல்லி முடித்ததும் நானா ஆகாயத்தைப் பார்ப்பார். கேட்டவரும் பார்ப்பார். அந்த இடைவெளியில் கற்பிட்டி பஸ் போய்விடும்.

அடுத்த கட்டம் விசாரணை. குடாநாட்டின் கண்டக்குளியிலிருந்து, சொந்தப் போட் வைத்திருக்கும் இளம் சம்மாட்டி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொண்டால் அது இப்படி நடக்கும்.

"நானா, போட்டுக்கு ஒரு ஜிபிஎஸ் எடுக்கணும். எது நல்லம்?"

"எது நல்லம் என்டு கேக்காத தம்பி. தண்ணியில விழுந்தா மிதக்கணுமா, தாழணுமா?"

"விழாட்டிக் காணும் நானா."

"விழும். விழுந்தா ஒரு மீற்றர் ஆழத்துல அரை மணித்தியாலம் தாங்கும் என்டு போட்டிருக்கான்."

"ஒரு மீற்றர் ஆழம் என்டா நாங்க நடந்தே போய் எடுத்திருவோமே நானா."

நியாயமான பதில்தான். ஆனாலும் விசாரணை தொடரும். தொடுதிரையா, பொத்தானா? உள்ளே வரைபடம் வேண்டுமா? ரஷ்யச் செய்மதியும் பிடிக்க வேண்டுமா, சீனச் செய்மதியும் பிடிக்க வேண்டுமா? சம்மாட்டியின் மாமன் இந்தியக் கடற்படையிடம் பிடிபட்டதுண்டா? (1976ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மன்னார் வளைகுடாவில் இரு நாட்டுக்கும் நடுவே போகும் எல்லைக்கோட்டைப் பற்றிய முன்னுரை இது.) இத்தனை கேட்டும், "எங்க போவாய், எத்தனை நாள் நிப்பாய், என்ன மீனுக்கு?" என்ற கேள்வி மட்டும் வராது. அது கடல் தொழில் சம்பந்தப்பட்டது. நானாவின் துறை கருவி.

கடலுக்கு வேண்டியதோ கொஞ்சம்தான். ஈரக் கைக்கும் உப்புத் தண்ணீருக்கும் தொடுதிரை பைத்தியம் பிடித்ததுபோல் தானே திறந்து தானே மூடும், ஆகவே பொத்தான். உச்சி வெயிலில் எழுத்துத் தெரிகிற திரை. பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பேனாப் பற்றரியில் ஓடுவது நல்லது. சார்ஜ் ஏற்ற நடுக்கடலில் பிளக் கிடையாது. கார்மினின் 78ஆம் இலக்க வகை தண்ணீரில் மிதக்கும், ஈட்ரெக்ஸ் தாழும். வித்தியாசம் ஒரு முழக் கயிற்றில் தீர்ந்துவிடும். ஆள் கடலில் விழுந்தால் அந்த இடத்தை உடனே பதிந்துகொள்ளும் வசதி கட்டாயம் வேண்டும். இவ்வளவையும் ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். நானா மூன்று வாரம் எடுப்பார்.

அவருடைய உதவி உண்மையிலேயே பயன்படுகிற ஓர் இடமும் உண்டு, அதை மறைப்பது பாவம். ஒருவர் எழுதிக் கொடுத்த இடத்தை இன்னொருவர் கருவியில் ஏற்றும்போது எண் முறை மாறிப்போகும். 8 டிகிரி 15.30 மினிட் என்பதை 8.1530 டிகிரி என்று போட்டால் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் போட் ஆறு கடல் மைலுக்கு மேல், பதினொரு கிலோமீற்றர் தெற்கே போய் நிற்கும். அங்கே மீன் இருக்காது; இருந்தால் அது வேறொருவருடைய மீன். இந்தப் பிழையை நானா ஒரு பார்வையில் பிடிப்பார். பிடித்த பிறகு, கடலட்டைக்குக் குளிக்கிறவர்கள் தம் இடத்தைப் பிறருக்குச் சொல்லும்போது ஏன் வேண்டுமென்றே ஒரு இலக்கத்தை மாற்றிச் சொல்கிறார்கள் என்பது பற்றி இன்னும் அரை மணி நேரம் பேசுவார்.

நானாவின் புகழுக்கும் ஒரே சோதனைக்கும் காரணமாக இருப்பது கோல்ஃப். பாலாவியைச் சுற்றி உப்பளம் உண்டு, விமானப்படை முகாம் உண்டு, சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற ரயில் உண்டு. கோல்ஃப் மைதானம் இல்லை. கோல்ஃப் என்றால் 1879இல் தொடங்கிய கொழும்பு ரோயல் கழகத்தைத்தான் சொல்லலாம். அதன் மைதானத்துக்குள்ளால் களனிவெளி ரயில் பாதை போகிறது. மற்றது 1889இன் நுவரெலியா மைதானம், பிறகு திகன பக்கத்து விக்ரோறியா, அம்பாந்தோட்டையில் ஒன்று. ஆகவே கோல்ஃப் ஜி.பி.எஸ். பாலாவிக்கு வருவதானால் தவறுதலாகத்தான் வரும். தோஹாவில் வேலை செய்யும் மருமகன் ஒரு கடையில் கையடக்க ஜி.பி.எஸ். பாதி விலை என்ற பலகையைக் காண்பார்; படம் எடுத்து மாமாவுக்கு அனுப்புவார். மாமா நானாவிடம் காட்டுவார். நானா முறைப்படி விசாரிப்பார்: கைக்குள் அடங்குமா? அடங்கும். நீர் புகாதா? புகாது. வெயிலில் திரை தெரியுமா? பளிச்சென்று. "அப்ப யோசிக்க ஒண்டுமில்ல, எடுக்கச் சொல்லுங்க." அடுத்த விடுமுறைக்குச் சாமான் வந்து சேரும்.

போட்டின் அணியத்தில் வைத்து முடுக்கியதும் அது உடனே செய்மதிகளைப் பிடித்துக்கொள்ளும். பிடித்து, பக்கத்திலுள்ள மைதானத்தைத் தேடும். உலகத்து மைதானங்கள் பல ஆயிரம் உள்ளே இருக்கின்றன, கற்பிட்டிக் கடல் மட்டும் இல்லை. நேர்கோட்டில் ஏறத்தாழ 145 கிலோமீற்றர் தெற்கே கொழும்பு என்று முடிவு கட்டும். அதுவும் யார்க் கணக்கில், 160,000 யார். எத்தனை யார் என்று தெரிந்துவிடுகிறது. யாருக்கு என்பதுதான் தெரிவதில்லை. வேறு வழியில்லாமல் ஒரு மைதானத்தைத் திறந்து பார்த்தால், பச்சைத் திட்டு ஒன்றும் "பார் 4" என்ற எழுத்தும் வரும். நான்கு அடியில் பந்து குழிக்குள் போகவேண்டும் என்பது அதன் பொருள். கற்பிட்டியிலோ கடலுக்கடியிலிருக்கும் கற்பாறைத் திட்டுக்குப் பெயர் பார்; மீன் அங்கேதான் நிற்கும்.

"மூண்டு பார் எங்களுக்குத் தெரியும் நானா. நாலாவது பார் எங்க கிடக்கு?" என்று போட்டை நடத்தும் மண்டாடி கேட்பார். கேலியாகக் கேட்டாரா, ஆசையோடு கேட்டாரா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

நானா இதனால் தளர்ந்துவிடுவதில்லை. ஒரே மாதத்தில் கோல்ஃப் கருவிகளில் கரை கண்டுவிடுவார். கைக்கடிகார வகை இருக்கிறது, கையில் பிடிக்கும் வகை இருக்கிறது, லேசர் தொலைநோக்கி இருக்கிறது. லேசருக்குக் கொடி கண்ணில் பட வேண்டும்; மேட்டுக்குப் பின்னால் குழி மறைந்திருந்தாலும் ஜி.பி.எஸ். பச்சைத் திட்டின் முன் விளிம்பு, நடு, பின் விளிம்பு என்று மூன்று தூரம் சொல்லும். சிலவற்றுக்கு வரைபடம் இலவசம், சிலவற்றுக்கு வருடாவருடம் சந்தா. 2006 முதல் உள்ளூர் விதி இருந்தால் தூரமானி பாவிக்கலாம் என்றிருந்தது. 2019இன் விதிகள் பொதுவாகவே அனுமதித்துவிட்டன, ஆனால் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் வசதியைப் போட்டியில் பாவிக்கக்கூடாது. இந்த விதியை மீறக்கூடிய ஒரே ஒரு மனிதரைக்கூட நானா சந்தித்ததில்லை. ஆனாலும் எச்சரிக்கை செய்துவிடுவார். நுவரெலியாவில் பை தூக்கும் கேடி, கருவி எதுவும் பார்க்காமல் மரத்தையும் மேட்டையும் பார்த்தே தூரத்தைச் சொல்லிவிடுவார் என்று யாராவது சொன்னால், "பிழை எத்தனை யார்?" என்று கேட்பார்.

வந்த கருவியை வீணாக்கவும் கூடாது. அடித்த பந்து எவ்வளவு தூரம் போனது என்று அளக்கும் வசதி அதில் உண்டு. அதற்கு மைதானம் வேண்டியதில்லை, இங்கே ஒரு பொத்தான், நடந்து போய் அங்கே ஒரு பொத்தான். மாமாவின் தென்னங்காணிக்குப் புது வேலி போட இதைவிட வேறென்ன வேண்டும் என்று நானாவுக்குத் தோன்றும். கையடக்கக் கருவியின் பிழை மூன்று நான்கு மீற்றர். கோல்ஃப் பந்துக்கு அது பெரிதல்ல. 50 மீற்றர் நீள வேலி நான்கு மீற்றர் நகர்ந்தால் 200 சதுர மீற்றர், ஏறத்தாழ எட்டுப் பேர்ச் காணி பக்கத்து வீட்டுக்காரருடையது போய்விடும். அவர் நில அளவையாளரோடு வருவார். அந்த வாரம் முழுவதும் நானா பிளேன்ரீயை வீட்டிலேயே குடிப்பார்.

இதற்கிடையில் சம்மாட்டி என்ன வாங்கினார் என்றால், ஒன்றும் வாங்கவில்லை. போனைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டு போய்வருகிறார். முன்னால் மண்டாடி நிற்கிறார். கன்னியாகுமரிப் பக்கத்துக் கட்டுமரக்காரர் கணியம் என்று சொல்லும் கணக்குத்தான் இவருடையதும்: கரையில் ஒரு திசையில் கிட்ட ஒன்றும் தூர ஒன்றும் நேராக வரவேண்டும், இன்னொரு திசையிலும் அப்படி இரண்டு வரவேண்டும், இரண்டு நேரும் வெட்டுகிற இடம் பார். முன்பு பனைமரமும் கோயில் கோபுரமுமாக இருந்த அடையாளங்களின் இடத்தில் இப்போது மாம்புரிக் காற்றாலையும் நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கியும் நிற்கின்றன. பற்றரி வேண்டாம், சந்தா வேண்டாம். மழைக்கும் மூட்டத்துக்கும் மட்டும் உதவாது. அன்றைக்குத்தான் பொலித்தீன் பை அவிழும்.

நானாவுக்கு இது ஒரு பழைய முறை. கேட்டால், அழிந்துபோக வேண்டியது என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, யாருக்கோ அவர் தெரிவு செய்து கொடுத்த கருவியோடு கூரியர்காரர் சந்திக்கு வந்துவிட்டார். போன் அடிக்கிறது. லொகேஷன் அனுப்புங்க என்கிறார் கூரியர்காரர்.

"லொகேஷன் எதுக்கு தம்பி? சந்தியில இறங்கி கற்பிட்டி ரோட்டுப் பக்கம் திரும்புங்க. ஒரு பெரிய வேப்பமரம் தெரியுதா? அதுக்குப் பின்னால பள்ளி மினாரா? மரமும் மினாராவும் ஒரே நேருக்கு வார இடம் வரைக்கும் நடந்து வந்து அப்பிடியே நில்லுங்க. நான் வாறன்."