வீராணத்துக்கு நீலம் அடிக்காதே!

(இந்த வார மாமா பதில்கள்: ரசிகர் ஓவியம், அதாவது ஃபேன் ஆர்ட் ஸ்பெஷல்)

குமராட்சி, பிளஸ் டூ மாணவர்: ஃபேன் ஆர்ட் என்றால் என்ன மாமா? ஒரே வரியில் சொல்லுங்க.

இன்னொருத்தர் பெற்ற பிள்ளைக்கு நீ தைத்துப் போடும் சட்டை. அளவு பிள்ளையுடையது, துணி உன்னுடையது.

அதே மாணவர்: நருட்டோ வரையலாமா, ஸ்பைடர்மேன் வரையலாமா என்று குழப்பமா இருக்கு.

இரண்டையும் வரை, தப்பில்லை. ஆனால் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய கதாநாயகனை விட்டுவிட்டு ஜப்பான் போகிறாயே! 1950-இல் கல்கி தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது வீராணம் ஏரிக்கரையில். சம்புவரையர் மாளிகை இருக்கும் கடம்பூர் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் பெயரைச் சொல்லும் கல்வெட்டு உடையார்குடி கோயிலில்.

நருட்டோவின் கொனோஹா கிராமத்துக்கு டவுன் பஸ் கிடையாது. உடையார்குடிக்கு உண்டு.

சேத்தியாத்தோப்பு, ஐ.டி.ஐ. மாணவர்: கையில் போன் மட்டும்தான் இருக்கு. பென்சிலிலிருந்து கலர் வரைக்கும் படிப்படியா வழி சொல்லுங்க மாமா.

போதும் மருமகனே, போனே போதும். முதலில் கோடு போடாத நோட்டு. ஒரு குச்சி மனிதன், ஒரு குச்சிக் குதிரை. மீசையும் கண்ணிமையும் காத்திருக்கட்டும். ஆள் எவ்வளவு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான் என்பதை மட்டும் பிடி. சாய்மானம் சரியாக வந்துவிட்டால் பாதிப் படம் முடிந்தது.

ஜன்னலோரம் வைத்து, உன் தலை நிழல் விழாமல் போட்டோ எடு. ஐபிஸ்பெயின்ட் செயலியில் ஏற்று. இலவசம்தான், விளம்பரம் மட்டும் நடுநடுவே வரும். அந்த லேயரின் ஒபாசிட்டியை இருபது சதவீதத்துக்கு இறக்கு. பென்சில் கோடு ஆவி மாதிரி மங்கி நிற்கும்.

அதன் மேல் புது லேயர் போட்டு இறுதிக் கோடு. பெரிதாக்கி வைத்துக்கொள், ஒரே இழுப்பில் இழு. மார்கழியில் உன் பாட்டி கோலம் போடும்போது கையைப் பார்த்திருப்பாயே? தயங்கினால் இழை நடுங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து, கோட்டுக்குக் கீழே இன்னொரு லேயரில் தட்டையான நிறம். கலர் பக்கெட் எல்லா லேயரின் கோட்டையும் பார்த்து நிற்கும்படி முன்னாலேயே அமைத்துக்கொள். இங்கேதான் பத்தில் எட்டுப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கரையில் ஒரு எலி வளை இருந்தால் ஏரி உடையும். கோட்டில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் வந்தியத்தேவனின் சட்டை நிறம் வானம் வரைக்கும் பாயும். பக்கெட்டைச் சாய்க்கும் முன் கரையைச் சுற்றிப் பார்.

பிறகு நிழல். புது லேயர், கிளிப்பிங் (கீழே உள்ள நிறத்தின் எல்லைக்குள்ளேயே அடங்கும்), மல்டிப்ளை (கீழே இருப்பதை இருட்டாக்கும்). நிழலுக்குக் கறுப்பை எடுக்காதே, படம் அடுப்புக்கரி ஆகிவிடும். நாவல்பழ ஊதாவைக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய மாதிரி எடு. கதையில் நேரம் மாலை. வீராணத்தின் கரை கிழக்கே, தண்ணீர் மேற்கே. எனவே வெயில் தண்ணீர்ப் பக்கமிருந்து வரும், நிழல் வயல் பக்கம் விழும். ஊர்க்காரன் நீ, உனக்கு இதைச் சொல்ல வேண்டுமா!

கடைசியாகப் பளிச். வேல் முனையில் ஒன்று, கண்ணில் ஒன்று, குதிரையின் விலாவில் ஒன்று. உப்பு மாதிரி போடு. சர்க்கரை மாதிரி கொட்டாதே.

புவனகிரி, தட்டச்சு நிலைய மாணவி: லேயர் லேயர் என்கிறார்கள், மண்டையில் ஏறவே இல்லை.

தஞ்சாவூர் பெரிய கோயில் போய் வா, ஏறிவிடும். கருவறையைச் சுற்றியுள்ள உள்பாதையில் ராஜராஜன் காலத்து ஓவியம் அடி லேயர். சுமார் அறுநூறு வருடம் கழித்து நாயக்கர் காலத்தில் அதன் மேலேயே பூசி வரைந்தது மேல் லேயர். பூச்சு உதிர்ந்த இடத்தில் கீழே இன்னொரு படம் இருப்பதை 1931-இல் கண்டு சொன்னவர் எஸ்.கே. கோவிந்தசாமி. எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? உங்கள் பக்கத்துச் சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்.

தொல்லியல் துறையினர் பிறகு நாயக்கர் படத்தைச் சேதமில்லாமல் உரித்துத் தனிப் பலகையில் ஏற்றினார்கள். நீ கண் பொம்மையைத் தட்டி ஒரு லேயரை மறைக்கிறாயே, அதே வேலைதான். அவர்களுக்கு ‘அன்டூ’ பொத்தான் கிடையாது.

லால்பேட்டை, கல்லூரி மாணவர்: வீராணம் தண்ணீருக்கு எந்த நீலம் பொருத்தம்? கடல் நீலமா, வான நீலமா?

ஏரிக்கரையிலேயே குடியிருந்துகொண்டு இந்தக் கேள்வியா! இரண்டும் வேண்டாம். கொள்ளிடத்திலிருந்து வடவாற்றில் இறங்கி வரும் புதுத்தண்ணீர் ஆடியில் என்ன நிறம்? டம்ளரில் மொண்டு பார்த்தால் அடியில் வண்டல் தங்கும். செம்மண்ணும் டீயும் கலந்த நிறம். ஓரத்தில் நுரை, அதில் மிதக்கும் சருகு. வானத்தின் நீலம் தூரத்தில் ஒரு கீற்று தெரிந்தால் போதும்.

நீலம் அடித்தால் அது சுவிட்சர்லாந்து. வந்தியத்தேவனுக்கு விசா கிடையாது.

நெய்வேலி, வாசகி: நான் வரைந்தால் ‘பொன்னியின் செல்வன்’ குந்தவையும் நந்தினியும் அக்கா தங்கை மாதிரியே இருக்கிறார்கள்.

கல்கி உங்களுக்காகவே கலர் குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இருவரும் நேருக்கு நேர் நிற்கும் இடத்தைப் புரட்டுங்கள். நந்தினி பொன்னிறம், குந்தவை செந்தாமரை நிறம். நந்தினிக்கு ஆண்டாள் கொண்டை, குந்தவைக்கு மகுடம் போல் உயர்ந்த கொண்டை. ஒருத்திக்கு மஞ்சள் சாய்ந்த நிழல், இன்னொருத்திக்குச் சிவப்புச் சாய்ந்த நிழல். மூக்கைத் தொடவே வேண்டாம், பிரிந்துவிடுவார்கள்.

சிதம்பரம், பொறியியல் மாணவி: 2022-இல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்த பிறகு குந்தவை என்றால் த்ரிஷா முகம்தான் கையில் வருகிறது. தப்பா?

தப்பில்லை. உங்கள் பாட்டிக்கு ஓவியர் மணியம் வரைந்த முகம். பிறகு வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார், மணியத்தின் மகன் மணியம் செல்வனும் வரைந்தார். குந்தவை அத்தனை முகத்தையும் தாங்கிக்கொண்டாள். மணியம் கல்கியோடு ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைந்தவர். நீங்கள் டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைகிறீர்கள். ஒரு நாள் கோயில் பக்கமும் போனால் ஐந்தாவது முகம் ஒன்று கிடைக்கும். அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

காட்டுமன்னார்கோயில், வாசகர்: கை விரல் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

தெரிகிறது. நீங்கள் அனுப்பிய நான்கு படத்திலும் வந்தியத்தேவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறான். குதிரையை யார் பிடிப்பது?

சிதம்பரம் கோபுர வாசலில் நூற்றெட்டுக் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. தினம் ஒரு கை வரையுங்கள். அடுத்த ஆடிக்குள் அவன் கடிவாளத்தைப் பிடித்துவிடுவான்.

லால்பேட்டை, ஓர் அம்மா: ஐபேட் வாங்கித் தந்தால்தான் வரைவேன் என்று மகன் அடம் பிடிக்கிறான்.

அந்தப் பிள்ளை கேட்பது புரோகிரியேட் என்ற ஓவியச் செயலிக்காக. அது ஐபேடில்தான் முழுதாக ஓடும். நல்ல கருவிதான், மறுக்கவில்லை. முதலில் நோட்டில் நூறு குதிரை வரைந்து காட்டச் சொல்லுங்கள். நூறாவது குதிரை நடந்தால் சீட்டுப் பணம் எடுங்கள். நொண்டினால் இன்னொரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். பாத்திரக்கடை வைத்திருப்பவரெல்லாம் நளன் இல்லை, தங்கச்சி.

கடலூர், வாசகர்: கம்ப்யூட்டரில் போட இலவசமாக ஏதாவது?

கிரிட்டா. ஸ்வீடிஷ் மொழியில் சுண்ணக்கட்டி, கிரையான் என்று அர்த்தம். பெயரிலேயே விலை தெரிகிறது.

பரங்கிப்பேட்டை, மாணவர்: மேலே வைத்து டிரேஸ் எடுப்பது பாவமா?

நடைவண்டி பிடித்து நடை பழகலாம். நடைவண்டியோடு ஓட்டப்பந்தயத்துக்கு வந்து கப் கேட்கக் கூடாது.

திருப்பாதிரிப்புலியூர், வாசகர்: கை நடுங்குகிறது. கோட்டை நடுங்காமல் சீராக்கும் ஸ்டெபிலைசர் போட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக. பக்கவாதம் வலது கையை முடக்கிய பிறகு ஓவியர் கோபுலு இடது கையால் வரைந்தார். அவர் கையைக் கும்பிட்டுவிட்டு ஸ்டெபிலைசரை ஐந்தில் வையுங்கள்.

குமராட்சி, வாசகர்: ஏ.ஐ.யிடம் சொன்னால் அரை நிமிஷத்தில் கிப்லி பாணியில் வந்தியத்தேவன் வந்துவிடுகிறானே?

2025 மார்ச்சில் ஊரே கிப்லி ஆனதை நானும் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். ஜப்பானின் கிப்லி அனிமேஷன் ஸ்டூடியோவில் மியாசாகி ஆயுள் முழுக்கக் கையால் வரைந்து சம்பாதித்த பாணி அது. நீங்கள் அரை நிமிஷத்தில் பெற்றது படம். அவனை எட்டு முறை அழித்து, ஒன்பதாவது முறை அந்தக் குறும்புச் சிரிப்பு உதட்டோரத்தில் வந்து உட்காரும் நொடி உங்களுக்குக் கிடைக்கவில்லையே! வியர்க்காமல் வந்தால் அது ஃபேன் காற்று. ஃபேன் ஆர்ட் இல்லை.

சிதம்பரம், மாணவர்: போனில் கிளிப்பச்சை. ஃப்ளெக்ஸ் அடித்தால் பாசி. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

அவர் மேல் பழி போடாதே. போன் ஒளியால் நிறம் காட்டுகிறது, சிவப்பு பச்சை நீலம் கூடக்கூட வெளிச்சம் ஏறும். அச்சு மையால் நிறம் காட்டுகிறது, மை கூடக்கூட வெளிச்சம் இறங்கும். போன் காட்டும் சில பச்சைகள் மைக்கு எட்டவே எட்டாது. அச்சுக்குப் போகும் படமென்றால் ஆரம்பத்திலேயே அச்சு மையின் நிற முறையான சிஎம்ஒய்கே-யில் பார்த்துக்கொள். இல்லாவிட்டால் கிளி பறந்துவிடும்.

அதே மாணவர்: தலைவர் பிறந்தநாளுக்கு அந்த ஃப்ளெக்ஸைப் பஸ் ஸ்டாண்டில் கட்டலாமா?

வேண்டாம். 2019-இல் சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியில்லாத பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன பெண்ணின் உயிர் போனது. உன் படத்தைச் சுவரில் மாட்டு. சாலையில் போகிறவர் வீட்டுக்குப் போகட்டும்.

விருத்தாசலம், வாசகி: ஸ்டிக்கர் போட்டு விற்கலாமா?

கல்கியின் எழுத்து 1999-இல் நாட்டுடைமை ஆனது. கதாபாத்திரத்தை உங்கள் கற்பனையில் வரைந்து விற்கலாம். மணியத்தின் ஓவியம், சினிமாவின் உடை, போஸ்டர், நடிகரின் முகம் எல்லாம் வேறு வேறு வீட்டுச் சொத்து. ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று வழக்குப் போட்டு, 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். கதை பொதுக்கிணறு. முகம் அடுத்த வீட்டுத் தோட்டம்.

புவனகிரி, மாணவர்: ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். பதினோரு லைக்!

தஞ்சைச் சோழர் ஓவியம் நாயக்கர் பூச்சுக்குள் ஏறக்குறைய முந்நூறு வருடம் ஒரு லைக் இல்லாமல் இருந்தது. பதினோரு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டுத் தூங்கு.

மேலக்கடம்பூர், வாசகர்: கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் விழும் காட்சி. எங்க ஊர்க் காட்சி மாமா, விட மனசில்லை. கொலையாளிக்கு யார் முகத்தை வரைவது?

உடையார்குடிக் கல்வெட்டு ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நிலம் பறிக்கப்பட்ட துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்கிறது. முகத்தைச் சொல்லவில்லை. கல்கியோ, குத்தியது யார் கை என்பதைக் கடைசி வரை இருட்டிலேயே வைத்தார். அவர் இருட்டில் விட்டதை நீங்கள் விளக்குப் போட்டுக் காட்டாதீர்கள். அணையும் விளக்கைப் படத்தின் ஓரத்தில் வையுங்கள். கரிகாலனின் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். மற்றதெல்லாம் மல்டிப்ளை.