மைக்கு என்ன பண்ணும், பாவம்!

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. காலையிலேருந்து "கேக்குதா, கேக்குதா"ன்னு தொண்டை கிழியக் கத்துனியே, தெருமுக்கு டீக்கடை வரைக்கும் கேட்டுட்டு. உன் மேனேஜருக்குத்தான் கேக்கலையாம். அவரு காதுல விழுந்தது வெறும் "கொர்ர்ர்"தானாம்.

சரி, அதுக்கு நீ என்ன செஞ்சே? இருந்த டிரைவரை அழிச்சு மறுபடி அதே டிரைவரைப் போட்டே. இரைச்சலை ஒழிக்க சாப்ட்வேரு ஒண்ணை எறக்குனே. இப்போ பாட்டுக்காரங்க வாய்க்கு முன்னாடி தொங்குமே, அந்த மாதிரி மைக்கு வாங்கணுமாம். நீ பாடவாடே போறே? "நாளைக்கு முடிச்சிருதேன் சார்"னு சொல்லுததுக்கு எதுக்கு ஸ்டுடியோ?

அண்ணாந்து பாரு. ஃபேன் அஞ்சுல சுத்துதா? உன் லேப்டாப்புல மைக்கு எங்கன இருக்குன்னு என்னைக்காவது தேடிப் பாத்தியா? பெரும்பாலும் கேமராவுக்குப் பக்கத்துல, குண்டூசி நுழையுத ஓட்டை. அதுல காத்து நேரா மோதுனா மைக்குக்கு அதுவும் சத்தந்தான். நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டா காசா கேக்கும்?

அந்தப் பெட்டியை மெத்தையில கெடத்தி வைக்கியே, அது வேற கூத்து. அடியில காத்து போற வழி அடைபட்டு, சூடேறி, உள்ள இருக்குத குட்டி ஃபேனு பேயாச் சுத்தும். மேசையில வையி.

ஃபேனை நிறுத்தியும் "ஙொய்ய்"னு ஒரே சுதியில கேக்குதா? சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில ஓட்டிப் பாரு. சத்தம் நின்னா, மைக்கு மேல குத்தமில்ல, கரண்டு வழியாத்தான் வருது. உன் சார்ஜருக்கு மூணு முள்ளு. நீ நடு முள்ளுக்கு வேலையில்லாத மாத்துக் கட்டையில சொருவி வச்சிருக்கே. அந்த எர்த்து முள்ளை அழகுக்கா வச்சான்? எர்த்து ஒழுங்கா இருக்கான்னு வயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டு. அதுவரைக்கும் மீட்டிங்கை பேட்டரியிலயே ஓட்டு.

பொறவு இந்த "மைக் பூஸ்ட்". 30 டெசிபல் ஏத்தி வச்சிருக்கே. மைக்குலேருந்து வர்ற அலையை அது முப்பது மடங்குக்கு மேல பெருக்கும்டே. உன் குரலை மட்டுமா? பக்கத்து வீட்டு மிக்சி, நீ கீபோர்டைத் தட்டுத தட்டு, எல்லாந்தான் பெருகும். மைக்குக்கு வேண்டியவன் வேண்டாதவன் உண்டா? பூஸ்ட்டை எறக்கு. வாயை மைக்குப் பக்கம் கொண்டு போ. தூரம் பாதியாச்சுன்னா உன் குரல் ரெண்டு மடங்கு பலமா விழும், மிக்சி இருந்த எடத்துலயேதான் இருக்கும்.

நேத்து நீயும் தங்கச்சியும் ஒரே அறையில, ஒரே மீட்டிங்குல, ரெண்டு லேப்டாப்புல உக்காந்தீகளே, அப்போ வந்துச்சே ஒரு ஊளை! கோயில் கொடையில மைக்கு கொழாயைப் பாத்து நின்னா "கூ"ன்னு அலறுமே, அதே சங்கதிதான். ஒரு லேப்டாப்போட ஸ்பீக்கர் சத்தம் இன்னொண்ணோட மைக்குல பாயுது, அது மறுபடி மொத லேப்டாப்புக்கே அனுப்புது. மைக்செட்காரப் பய எந்த சாப்ட்வேரும் எறக்கல, மைக்கைத் திருப்பி வச்சான். நீங்க ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டுங்க. இல்ல, ஒருத்தர் வேற அறைக்குப் போங்க. ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னா மீட்டிங்குக்கே ஒருத்தர் போதும், ஒருத்தரும் கேக்கப் போறதில்ல.

இரைச்சல் ஒழிக்கிற சாப்ட்வேரை நான் வேண்டாம்னு சொல்லல. மீட்டிங்குல ஒண்ணு, லேப்டாப்புல ஒண்ணு, நீயா எறக்குனது ஒண்ணுன்னு மூணும் சேந்து வடிகட்டுனா மிச்சம் என்னடே இருக்கும்? நீ தண்ணிக்குள்ள முங்கிப் பேசுத மாதிரி ஆயிரும். ஒண்ணை மட்டும் வையி.

எதையும் ஒண்ணொண்ணா மாத்து, மாத்துன ஒடனே உன் குரலைப் பதிவு பண்ணிக் கேளு. எல்லாத்தையும் மொத்தமாக் கலைச்சுட்டு எது சரி பண்ணுச்சுன்னு யாரைப் போய்க் கேப்பே?

இவ்வளவும் செஞ்சா ஒனக்குத்தான் ஒரு சங்கடம். வேலை முடிஞ்சுதான்னு மேனேஜர் கேக்கும்போது "சார், வாய்ஸ் பிரேக் ஆவுது"ன்னு தப்பிச்சியே, இனிமே அது செல்லாது. வேற பொய் தேடிக்க.