பராக்கிரம பாண்டியர் இழுத்த கோடு

ஒரே அளவு மனநிறைவு தரும் பண்டக் கலவைகளை இணைத்து இழுக்கும் சமநோக்கு வளைகோட்டைக் கண்டுபிடித்தவர் எட்ஜ்வொர்த் என்கிறது பொருளியல் பாடநூல். 1881-இல் அயர்லாந்துக்காரர் புத்தகம் போட்டாராம். பரேட்டோ அதைப் பட்டை தீட்ட, ஹிக்ஸும் ஆலனும் 1934-இல் மாணவர் தலையில் கட்டினார்களாம். தென்காசிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளவே கூடாது. 1446-லேயே அரிகேசரி பராக்கிரம பாண்டியர் அந்தக் கோட்டைக் கருங்கல்லில் இழுக்கத் தொடங்கிவிட்டார்.

பாண்டியருக்கு அப்போது மதுரை கைவசம் இல்லை. பாட்டன் சொத்து போய்த் தென்காசிச் சீமையில் ஒதுங்கியிருந்தார். வருமானம் குறைந்த நுகர்வோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிகளுக்கோ காசி வேண்டும். காசி என்றால் மாதக்கணக்கில் நடை, வழியில் காய்ச்சல், திருடர் பயம். சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற பயணம் அது. புண்ணியம் நல்ல சரக்குதான்; விலைதான் எட்டவில்லை.

இந்த இடத்தில் தலபுராணம் குறுக்கிடுகிறது. சிவபெருமான் கனவில் வந்து, எறும்புகள் ஊர்ந்து போகும் வழியே போனால் லிங்கம் இருக்கும், அங்கே கோயில் கட்டு என்றாராம். வர முடியாத பக்தர்களுக்காக விசுவநாதரே கிளை திறந்த கதை. (கிளை திறப்பது மன்னருக்குப் பழக்கம் போலிருக்கிறது, சிவகாசிக்கும் இவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.)

ஆக, ஒரே அளவு புண்ணியம் தரும் இரண்டு பண்டங்கள். எது கிடைத்தாலும் மனநிறைவு ஒன்றே. ஒன்றின் விலை பல மாத நடை. மற்றதற்குச் செங்கோட்டையிலிருந்து ஒரு மாட்டுவண்டி போதும். வாங்குகிறவன் எதை எடுப்பான் என்று சொல்ல ஹிக்ஸ் எதற்கு?

ஆனால் ஊர்க்காரர்கள் சமத்தோடு நிற்பார்களா? காசியில் இறந்தால்தான் முக்தி, தென்காசியில் பிறந்தாலும் இருந்தாலும் இறந்தாலும் முக்தி என்று ஒரே தாவாகத் தாவிவிட்டார்கள். பொருளியல் வாத்தியார் இதை உயர்ந்த சமநோக்கு வளைகோடு என்பார். வட்டாரத்தில் இதற்குப் பேர் ஊர்ப்பெருமை.

கங்கைக்குப் பதில்? குற்றாலத்திலிருந்து வருகிற சிற்றாறு இருக்கிறதே! குற்றாலத்தில் வேறொரு பாடமும் உண்டு. சேர்ந்தே பயன்படும் பண்டங்களுக்குப் பாடநூல் காட்டும் உதாரணம் இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும். இங்கே அது செல்லாது. சீசனில் பேரருவி ஓரம் விட்ட செருப்பு ஜோடியாகத் திரும்பினால் அதிசயம். முன்னாளைய குற்றாலத்துக்குப் பொருந்துவது எண்ணெயும் அருவியும்தான். அருவி வறண்ட நாளில் எத்தனை கிண்ணம் எண்ணெய் தேய்த்தாலும் பிசுபிசுவென்று பஸ் ஏற வேண்டியதுதான். அந்தக் கோடு வளையாது. ‘ட’ போல மடங்கி நிற்கும்.

ஒரு விஷயத்தில் பாண்டியர் பொருளியல் மேதைகளைவிடக் கெட்டிக்காரர். இனிமேல் பிறக்கப்போகிற வாடிக்கையாளரையும் கணக்கில் சேர்த்தார். கோயிலில் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்கிறவர்கள் காலில் விழுகிறேன் என்ற பொருளில் கல்லில் பாட்டாகவே வெட்டிவைத்தார். பிற்பாடு ராஜகோபுரம் எரிந்துபோய், மொட்டைக் கோபுரமாகவே பல தலைமுறை நின்றது. ஒன்பது நிலைகளோடு அது மறுபடி எழுந்தது 1990-இல். விழுவதற்குத் தயாராக ஐந்நூறு வருஷத்துக்கு மேல் கைகூப்பி நின்ற மன்னருக்கு அப்போதுதான் சரியான கால் கிடைத்தது.