திருப்பூர்க் கணக்கு அறையில் வங்காளி: நிதி, நிரல், மீன்முள் குறித்த ஓர் ஆய்வு

நிதித்துறை வேலை, நிரல் எழுதும் ஆசை, வங்காளி என்ற அடையாளம் ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் குடியிருக்கும் நிலைக்கு இக்கட்டுரையில் 'மும்மை' என்று பெயர். திருப்பூரில் வங்காளிகள் ஏராளம். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் இருப்பவர்கள். மும்மையாளர் அவர்களுக்கு ஒரு மாடி மேலே, ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்கு அறையில், ஏசிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியில் காணப்படுவார். படிப்பு பி.காம், சிலர் சி.ஏ. இன்டரோடு நின்றவர்கள். மேசையில் இரண்டு திரைகள் உண்டு. ஒன்றில் டேலி இருக்கும். மற்றதில் என்ன இருக்கும் என்பது முதலாளி வரும் திசையைப் பொறுத்தது.

இவரை அடையாளம் காண ஜிஎஸ்டி எண்ணே போதும். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. தமிழ்நாட்டுக்கு 33, மேற்கு வங்கத்துக்கு 19. நாள் முழுவதும் 33இல் தொடங்கும் பில்களை முகம் பார்க்காமல் அடித்துத் தள்ளுபவர், 19இல் தொடங்கும் பில் ஒன்று வந்துவிட்டால் முகவரியைக் கடைசி வரி வரை படிப்பார். பின்கோடையும் விடமாட்டார்.

மும்மையாளர் திருப்பூருக்குப் புதியவர் என்று கருதுவோர் உண்டு. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. இந்தியாவின் முதல் பின்னலாடை ஆலை என்று சொல்லப்படுவது 1893இல் கல்கத்தாவின் கிதிர்பூரில் தொடங்கியது. நொய்யல் கரையில் பனியன் தொழில் தலையெடுத்த 1920களில், இயந்திரத்துக்கும் யோசனைக்கும் திருப்பூர்க்காரர்கள் பார்த்த ஊர் கல்கத்தாதான். பின்னாளில் ரூபா, டாலர் போன்ற கொல்கத்தா உள்ளாடை நிறுவனங்கள் திருப்பூரிலும் ஆலை வைத்தன. ஆக, டாலர் சிட்டி என்ற திருப்பூரின் பட்டப்பெயருக்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம்; இரண்டாவதை எவரும் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, பெருமாநல்லூர் பக்கம் ஈட்டிவீரம்பாளையத்தில் உள்ள ஆயத்த ஆடைப் பூங்காவின் பெயரே நேதாஜி பூங்கா. ஐ.சி.எஸ். வேலையை 1921இல் உதறியவர் பெயரால் அமைந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு ராஜினாமாவைப் பற்றி யோசிப்பது மும்மையாளருக்கு இயல்பாகவே வருகிறது.

நிரல் ஆசைக்கும் பூர்வீகம் உண்டு. நில அளவைத் துறையில் 'கம்ப்யூட்டர்' என்ற பதவியில் இருந்து, 1852இல் எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டவராக அறியப்படும் ராதாநாத் சிக்தார் வங்காளி. மகலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குத்தான் 1955இல் நாட்டின் முதல் மின்னணுக் கணினி வந்து சேர்ந்தது. எனவே கணிப்பு வங்க இரத்தத்தில் ஊறியது என்பது மும்மையாளர்களின் வாதம். கணக்கு அறையில் இதை எவரும் மறுத்ததில்லை. கேட்டதும் இல்லை.

நிதி வேலையின் பெரும்பகுதி டாலரைத் துரத்துவது. ஆர்டர் வந்ததும் பேங்கில் பேக்கிங் கிரெடிட், டாலர் இறங்கிவிடுமோ என்ற பயத்துக்கு ஃபார்வர்டு, சரக்கு தூத்துக்குடி போனால் ஷிப்பிங் பில், பிறகு அரசு திருப்பித் தரும் வரியான டிராபேக், பணம் வந்ததும் வரவுச் சான்றான பிஆர்சி. இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை, விரிக்க வேண்டியதில்லை. பாடநூலில் இல்லாதது சனிக்கிழமை.

திருப்பூர்க் கூலி பெரும்பாலும் வாரக் கூலி. பட்டுவாடா சனிக்கிழமை மாலை. காலை 8.30க்கு வந்து இரவு 8.30க்குப் போனால் அது ஒன்றரை ஷிப்ட். ஆறு நாளும் அப்படி வந்தவருக்கு வாரத்தில் ஒன்பது ஷிப்ட். ஊருக்குப் புதிதாக வந்த மும்மையாளர் எழுதும் முதல் நிரலில், ஒருவருக்கு வாரத்தில் ஏழு ஷிப்டுக்கு மேல் பதிவானால் அந்தக் கட்டம் சிவப்பாக வேண்டும் என்று ஒரு நிபந்தனை தவறாமல் இருக்கும். முதல் சனிக்கிழமையே கம்பெனி மொத்தமும் சிவப்பாகிவிடும். டைம் ஆபீஸில் இருபது வருடமாக நோட்டில் எழுதிவரும் பெரியவர் அதைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, யாருக்குங்க அடிபட்டுது?" என்பார்.

அடுத்தது சில்லறைப் பட்டியல். கூலியைக் கவரில் ரொக்கமாகக் கொடுக்கும் கம்பெனிகளில், எந்த நோட்டு எத்தனை வேண்டும் என்று வெள்ளிக்கிழமையே பேங்குக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். நிரல் கற்றவருக்கு இது விருந்து: பெரிய நோட்டில் தொடங்கி வகுத்துக்கொண்டே இறங்க வேண்டியதுதான். 4,370 ரூபாய்க்கு ஐந்நூறு எட்டு, இருநூறு ஒன்று, நூறு ஒன்று, ஐம்பது ஒன்று, இருபது ஒன்று. ஆனால் புதியவர் ஆள் ஆளாக வகுக்காமல் மொத்தத் தொகையை எடுத்து வகுத்துவிடுவார். இரண்டு பேருக்குத் தலா 4,250 என்றால் மொத்தம் 8,500. பதினேழு ஐந்நூறு ரூபாய் நோட்டு போதும் என்று திரை சொல்லும். பதினேழாவது நோட்டை யார் கிழிப்பது என்று சொல்லாது. ஆள் ஆளாக வகுத்துக் கூட்டும்படி திருத்திய பிறகும் வேலை முடிவதில்லை. பேங்க் கேஷியர் ஐந்நூறு தவிர வேறு நோட்டு இன்று இல்லை என்று சொல்லும் வாய்ப்பை எந்த நிரல்மொழியும் கையாள்வதில்லை. திருப்பூரில் ஒரு மேக்ரோவின் தரம் இந்தக் கட்டத்தில்தான் தெரிகிறது. நல்ல மேக்ரோ முதலில் எதிர்த்த மளிகைக் கடையில் சில்லறை விசாரிக்கச் சொல்லும்.

பைத்தான் மேல் காதல் இருந்தாலும் பிழைப்பு எக்செல் மேக்ரோவிலும், டேலிக்கென்றே உள்ள டிடிஎல் மொழியிலும்தான் ஓடும். இதில் மும்மையாளர்கள் அனைவரும் கடைப்பிடிக்கும் தாமத விதி குறிப்பிடத்தக்கது. நான்கு வினாடியில் முடிந்த பட்டியலை ஒரு மணி நேரம் கழித்தே மேலே அனுப்ப வேண்டும் என்பது அவ்விதி. உடனே அனுப்பியவர்களுக்குக் கிடைத்த பாராட்டு, "எல்லாத்தையும் அதுவே போடுதுன்னா உங்களுக்கு எதுக்குங்க சம்பளம்?" என்ற வடிவில் இருந்தது.

அடையாளம் என்ற மூன்றாம் கூறு படிவங்களில் தொடங்குகிறது. தமிழருக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுச் சமாளிப்பார். வங்காளிக்குக் குடும்பப் பெயர் உண்டு, ஆனால் இரண்டு வடிவில் உண்டு: ஆதாரில் முகோபாத்யாய், பாஸ்புக்கில் முகர்ஜி. பிஎஃப் தளம் இரண்டையும் இரு வேறு மனிதர்களாக எடுத்துக்கொண்டு கிளைமைத் திருப்பி அனுப்பும். முகோபாத்யாயை முகர்ஜியோடும் பந்தோபாத்யாயை பானர்ஜியோடும் பொருத்தும் ஓர் அட்டவணை மும்மையாளரின் கணினியில் எப்போதும் இருக்கும். நிதி, நிரல், வங்கம் மூன்றும் ஒரே கோப்பில் சந்திக்கும் இடம் இதுவே. செய்தி கீழ்த்தளத்துக்கு எட்டியதும், டீ டயத்தில் ஆதார் நகலும் போனுமாக ஒவ்வொருவராக மாடிப்படி ஏறுவார்கள். அன்று முதல் அவர் எல்லோருக்கும் 'தாதா', அதாவது அண்ணன். இந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. தொழிலாளர் துறைப் பட்டியலிலும் இல்லை.

மதியச் சாப்பாடு அரை மணி நேரம். கடல் மீனில் இவருக்கு நாட்டமில்லை. அணைகளிலிருந்து வரும் கட்லா, ரோகுதான் வேண்டும், அதுவும் கடுகெண்ணெயில். டப்பாவைத் திறந்த கணத்தில் நல்லெண்ணெய்க்காரர்கள் நாற்காலியை நகர்த்திக்கொள்வார்கள். முள் எடுக்க வலது கை முழுமையாகத் தேவைப்படுவதால், அந்த நேரத்தில் எழுதும் நிரல் இடது கையால் மட்டும் எழுதப்படுகிறது. ஆகவே மாறிகளின் பெயர்கள் எக்ஸ், ஏ என்று ஓரெழுத்தாகச் சுருங்குகின்றன. முழுப்பெயர் கொண்ட வரிகள் முட்டை நாளிலும் ஓரெழுத்து வரிகள் மீன் நாளிலும் பிறந்தவை என்று, எழுத்தமைதியைக் கொண்டு கல்வெட்டின் காலம் சொல்வது போல உறுதியாகச் சொல்லலாம். ஒரு கம்பெனியின் டிராபேக் கணக்கு தொடர்ந்து இடித்துக்கொண்டிருந்தால், அந்த மேக்ரோ ரோகு நாளில் எழுதியதா என்று பார்ப்பது பயன் தரும்.

இதுவரை மூன்றும் ஒன்றையொன்று நெருக்கினவே தவிர அடித்துக்கொள்ளவில்லை. உண்மையான மோதல் நாள்காட்டியில்தான். நிதியாண்டு ஏப்ரல் 1இல் பிறக்கிறது. சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. மேற்கு வங்கத்தில் பைசாக் முதல் நாள் பெரும்பாலும் ஏப்ரல் 15. வங்க வியாபாரிகள் அன்று பழைய கணக்கை முடித்து, பிள்ளையாரையும் லட்சுமியையும் கும்பிட்டுச் சிவப்பு அட்டைப் பேரேடு திறப்பார்கள். ஹால் காதா என்ற இந்த நாளில் வாடிக்கையாளர் பாக்கியைக் கட்டிவிட்டு இனிப்பு வாங்கிப் போவார். நிலுவை வசூலைப் பண்டிகையாக்கிய சமூகத்தில் பிறந்தவர் கணக்கராவதில் வியப்பில்லை. திருப்பூரில் இதைக் கொண்டுவந்தால் நிட்டிங், டையிங் ஜாப் ஒர்க்காரர்கள் ஆனந்தப்படுவார்கள். ஆனால் பாக்கி வைத்திருப்பது மும்மையாளரின் சொந்தக் கம்பெனி என்பதால் யோசனை மேலே போவதில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இனிப்பு மட்டும் இல்லை.

சரஸ்வதி விஷயத்தில் சிக்கல் வேறு. தமிழ்நாட்டில் நவராத்திரி நவமியில் கணினிக்குச் சந்தனம், குங்குமம், பொரிகடலை; அன்று அதைத் தொடக்கூடாது. வங்கத்தில் சரஸ்வதி பூஜை வசந்த பஞ்சமியில், தை மாசி வாக்கில். அன்றும் தொடக்கூடாது. 2026இல் வசந்த பஞ்சமி ஜனவரி 23, நேதாஜி பிறந்த நாள், அதோடு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் சில்லறைப் பட்டியல் நாள். லேப்டாப்பைத் தேவியின் காலடியில் வைக்க வழியில்லாதவருக்கு, மேக்ரோவைப் பிரின்ட் எடுத்து வைத்தல் ஏற்கத்தக்க பரிகாரம்.

துர்கா பூஜைக்குப் பரிகாரம் கிடையாது. திருப்பூர் முழுமையாக மூடிக்கிடப்பது தீபாவளிக்குத்தான். வங்காளிக்கு வேண்டிய நாள்கள் அதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே வந்து போய்விடும். வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. 2025இல் மகா அஷ்டமியும் அதே நாள். நேரடி வரிகள் வாரியம் செப்டம்பர் 25 அன்று கெடுவை அக்டோபர் 31 வரை நீட்டியது. ஆடிட்டர்களின் கோரிக்கைக்குப் பலன் என்று செய்தித்தாள்கள் எழுதின. மும்மையாளர்கள் வேறு காரணம் சொல்கிறார்கள். ஆக, நிதியும் நிரலும் வங்கமும் ஒத்துப்போகாதவை என்பது தவறு. ஒத்துப்போகாதது கெடு தேதி ஒன்றுதான்.

2026இல் பூஜை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வருகிறது. செப்டம்பர் மாதத்து ஜிஎஸ்டிஆர்-3பிக்குக் கடைசி நாள் அக்டோபர் 20. அது பூஜைக்குள்ளேயே விழுகிறது. அதற்குத் தேவையான 2பி அறிக்கை 14ஆம் தேதி வரும். அதற்கும் பூஜைக்கும் நடுவில் இரண்டு மூன்று நாளே கிடைக்கும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும் என்பதால், போக நினைப்பவர்கள் ஆகஸ்டிலேயே டிக்கெட் போட்டுவிட்டு, லீவு கேட்கும் வேலையை முதலாளிக்கு டிராபேக் வந்து சேரும் நாளில் வைத்துக்கொள்வது நல்லது.